சைக்கிளைக் குளிப்பாட்டாதீர்கள்... துடையுங்கள்!

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: "என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த சைக்கிளில்தான் தினமும் ஐந்து கிலோமீட்டர் போய் வருகிறாள். சைக்கிள் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் செயின் துருப்பிடித்து, கறகறவென்று சத்தம் போடுகிறது. இத்தனைக்கும் வாராவாரம் போர் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுக் கழுவித்தான் வைக்கிறோம். போன வாரம் மழையில் வரும்போது, எங்கள் ஊர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் மெயின் ரோட்டுக்கே போய்விட்டாள். நல்லவேளை, அந்த நேரம் வண்டி எதுவும் வரவில்லை. 'இனிமேல் சைக்கிளே வேண்டாம்' என்கிறார் அவள் அப்பா. மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடியும் நேரத்துக்கு எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. பக்கத்தில் இருந்த சைக்கிள் கடையையும் மூடிவிட்டார்கள். இதை வீட்டிலேயே நாங்கள் சரியாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா?"
– ஊத்துக்குளி பகுதி வாசகி

பதில்: இருக்கிறது, சகோதரி. வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால், அதற்கு முன் ஒரு வேலை. பிரேக்கைச் சரிசெய்யும் வரை மகள் அந்த சைக்கிளை எடுக்க வேண்டாம். அதுவரை மட்டும் அவள் அப்பா சொல்வதைக் கேளுங்கள். அதற்குப் பிறகு கேட்க வேண்டியதில்லை!

பிரேக்கை முதலில் பாருங்கள்

பிரேக் லிவரை அழுத்துங்கள். அது ஹேண்டில் பிடியை வந்து தொடக்கூடாது. முழுக்க அழுத்திய பிறகும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அடுத்து, பின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். பின் சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால், பின் சக்கரம் தரையிலிருந்து எழும்பப் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எது நடக்காவிட்டாலும் பிரேக் சரியில்லை என்றே அர்த்தம்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். ரப்பரில் உள்ள பள்ளக்கோடுகள் மறைந்துவிட்டால் கட்டையை மாற்றியே ஆக வேண்டும். இரும்பு ரிம்மைத் தொடும் வரை விட்டால் ரிம்மும் போய்விடும். இரண்டாவது, கட்டை தேயாமலே வழவழப்பாகி இருக்கும். அதைக் கழற்றி, உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் மேல்தோல் போய்விடும். மூன்றாவது, பிரேக் கம்பி தளர்ந்திருக்கும். கேபிள் பிரேக்காக இருந்தால், கேபிள் போய்ச் சேரும் இடத்தில் விரலால் திருகக்கூடிய சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதை வெளிப்பக்கமாகத் திருகினால் கேபிள் இறுகும். கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றிவிடுங்கள். ஒரு இழை அறுந்தால், மீதி இழைகளும் அதே இடத்தில்தான் அறும்.

மழையில் பிரேக் பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் பளபளக்கும் இரும்பு ரிம்தான். நனைந்த இரும்பில் ரப்பர் வழுக்கும். நல்ல பிரேக்காக இருந்தாலும் மழையில் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். எனவே, மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்: மழையில் இறக்கம் வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டபடி வர வேண்டும். ரிம்மில் உள்ள தண்ணீரைக் கட்டை வழித்துவிடும். அதற்குப் பிறகு அழுத்தினால் பிடிக்கும். 'முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம்' என்று பயந்து அதைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. அது தவறு. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். இரண்டையும் சேர்த்து, அளவாகப் பிடிக்கப் பழக வேண்டும்.

உப்புத் தண்ணிதான் வில்லன்

உங்கள் கடிதத்திலேயே துருவுக்கான காரணம் இருக்கிறது. வாராவாரம் போர் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுக் கழுவுகிறீர்கள். சுத்தம் செய்வதாக நினைத்து, செயினுக்குள் இருக்கும் எண்ணெயைச் சோப்பால் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உப்புத் தண்ணியை ஊற்றிவைக்கிறீர்கள்.

நம் பகுதித் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு சேர்ப்பார்கள். அந்த உப்புக் கழிவு வருடக்கணக்கில் நொய்யலில் ஓடியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் பட்டறைகளே இயங்கலாம் என்ற நிலை வந்தது. ஆனாலும், நிலத்துக்குள் இறங்கிய உப்பு அத்தனை சீக்கிரம் போய்விடுமா? ஆற்றை ஒட்டிய பல கிணறுகளிலும் போர்களிலும் அது இன்னும் இருக்கிறது. பாறைப் பகுதி போர்களில் இயற்கையாகவே உப்பு இருப்பதும் உண்டு.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். அதில் உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி, வெயிலில் காய வையுங்கள். வெள்ளையாகப் பூத்தால், அதேதான் செயினின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் பூத்துக்கொண்டிருக்கிறது.

அதனால், இனி சைக்கிளைக் குளிப்பாட்டாதீர்கள். சேறு அப்பியிருந்தால் மட்டும் அரை வாளி நல்ல தண்ணி போதும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. துணியை நனைத்து, பிழிந்து, துடைத்து எடுங்கள். மோட்டார் குழாயை நேராகப் பிடித்து சக்கரத்தின் நடுவிலும் பெடல் பக்கமும் பீய்ச்சி அடிப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அங்கேதான் பால்ரஸ் இருக்கிறது. வேகமாக அடிக்கும் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கலைத்துவிடும். ஸ்பிரேயரால் கழுவுவதும் இதே கதைதான். மருந்து அடித்த ஸ்பிரேயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் இருக்க வேண்டிய சாமான்கள்

பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். பனியன் வேஸ்ட் ஒரு பிடி (திருப்பூர்க்காரர்களுக்கு இதை எங்கே வாங்குவது என்று சொல்லத் தேவையில்லை!), பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, கால் லிட்டர் டீசல், சின்ன எண்ணெய்க் கேன் ஒன்று, காற்றடிக்கும் பம்பு, ஒரு திருப்புளி, சைக்கிள் ஸ்பேனர். அவ்வளவுதான். டீசல் இருக்கும் இடத்தில் அடுப்பும் விளக்கும் வேண்டாம். பெட்ரோலைத் தொடவே வேண்டாம்.

எண்ணெய் எது? வெயில் காலத்தில் தையல் மெஷின் ஆயில் போதும். அது லேசானது, சீக்கிரம் கண்ணிக்குள் இறங்கும். அதே வேகத்தில் காய்ந்தும் போகும் என்பதால் வாராவாரம் விட வேண்டும். மழைக்காலத்தில் பைக்குக்கு ஊற்றும் புதிய 20டபிள்யூ-40 என்ஜின் ஆயில் சில சொட்டு நன்றாக நிற்கும்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை நிழலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மகளே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சுற்றும் செயினுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் விரல் மாட்டினால் நசுங்கிவிடும்.

1. உலர்ந்த துணியால் சட்டம், மட்கார்டு, ஹேண்டில் எல்லாவற்றையும் துடையுங்கள். பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரை மறக்க வேண்டாம். இருட்டும் நேரத்தில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் மகளைக் காட்டுவது அதுதான்.

2. டீசலில் லேசாக நனைத்த துணியால், கீழ்ப்பக்கம் ஓடும் செயினைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கறுப்பு மை துணிக்கு வந்துவிடும். பிரஷ்ஷால் பல் சக்கரத்தின் இடுக்குகளைத் தேயுங்கள். செயின் கவர் முழுதாக மூடியிருந்தால், மாதம் ஒருமுறை அதன் திருகுகளைக் கழற்றி இந்த வேலையைச் செய்யுங்கள்.

3. உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, பத்து நிமிடம் காய விடுங்கள்.

4. ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. செயினின் உட்பக்கமாக, உருளை மேல் படும்படி விடுங்கள். ஊற்றக்கூடாது, சொட்டு விட வேண்டும். பிறகு இருபது சுற்று சுற்றுங்கள்.

5. கொஞ்ச நேரம் கழித்து, வெளியே இருக்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்து எடுங்கள். இது பலருக்குப் புரியாத இடம். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்குள்ளேதான். வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடித்துவைக்கும், வேறு எதற்கும் ஆகாது. தொட்டால் விரலில் லேசாக ஒட்ட வேண்டும், வழியக்கூடாது.

6. ரிம்மையும் பிரேக் கட்டையையும் தனியாக ஒரு சுத்தமான துணியால் துடையுங்கள். டீசல் துணியோ எண்ணெய்த் துணியோ அங்கே போகவே கூடாது. ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

7. டயரைச் சுற்றிப் பாருங்கள். சீமைக்கருவேல முள்ளோ வேலியோரக் கிளுவை முள்ளோ ஏறியிருந்தால், டியூப் வரை இறங்குவதற்குள் பிடுங்கிவிடலாம். பிறகு காற்று. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். காற்று அடிக்கடி இறங்கினால் பஞ்சர்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். வால் டியூப் கிழிந்திருக்கலாம். மவுத்தில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

மீந்த டீசலை வாசலிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்தால் அழுக்கு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அடுத்த வாரம் பயன்படுத்தலாம். தண்ணீர் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று நொய்யலில் பார்த்தவர்கள் நாம்.

செயினை அளந்து பாருங்கள்

துருப்பிடித்த செயினை மாற்ற வேண்டுமா, வேண்டாமா? இதற்கு ஒரு டேப் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவில் தொடங்கி அளந்தால், 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். தேயத் தேய செயின் நீளும். அந்தப் பின் 12 அங்குலத்தைத் தாண்டி ஒரு நூல் (எட்டில் ஒரு அங்குலம்) தள்ளிப் போயிருந்தால், செயினை மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் பல் சக்கரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். அளவு சரியாக இருந்து, மேலே மட்டும் துரு என்றால் டீசலில் துடைத்து எண்ணெய் விட்டாலே போதும்.

செயின் தொய்வையும் பாருங்கள். நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் அரை அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் தொய்ந்தால் ஓடும்போது கழன்றுவிடும். ஒட்டுமொத்தமாக இறுக்கினாலும் பெடல் கனக்கும். செயினைக் கழற்றி மாட்டினால், செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பிளவுள்ள முனை முன்னால் இருந்தால், எதிலாவது தட்டி லாக் தெறித்துவிடும்.

கடைக்கு எப்போது போக வேண்டும்?

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹேண்டிலுக்குக் கீழே 'டக்... டக்' என்றால், அங்கே ஆட்டம் விழுந்திருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறது, சுற்றிவிட்டால் கட்டையில் ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது, போக்கம்பி ஒன்று தளர்ந்திருக்கிறது என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'லொடக்' என்று இறங்குகிறதா? கோட்டர் பின் தளர்ந்திருக்கிறது. அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கிராங்க்கின் துளையே பெரிதாகிவிடும். அதே நாளில் சரிசெய்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஓவராயில் செய்வது நல்லது. பால்ரஸைக் கழற்றி, கழுவி, புது கிரீஸ் வைத்து மாட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு இதைச் செய்தால், மழையில் உள்ளே போன ஈரம் அடுத்த மழை வரை தங்காது.

இன்னொன்றையும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு மற்ற மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது. பீகாரில் 2006-ல், ஒன்பதாம் வகுப்பு சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் தந்தார்கள். அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் அளவு 32 சதவிகிதம் கூடியதாக 2017-ல் எழுதினார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். உங்கள் மகளுக்கு ஐந்து கிலோமீட்டர். பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும்; சைக்கிளை நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: "தினமும் காலையில் பால் கேனும், சாயங்காலம் தீவனக் கட்டும், சமயத்தில் உர மூட்டையும் என் பழைய சைக்கிளில்தான் ஏற்றுகிறேன். செயினுக்கு டிராக்டரில் மாற்றிய பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுகிறேன். சில நேரம் தேங்காய் எண்ணெய். இது சரியா? கேரியர் மட்டும் ஏன் வருடா வருடம் துருப்பிடித்து அறுந்துபோகிறது?"
– குண்டடம் பகுதி வாசகர்

பதில்: செலவில்லாமல் கிடைக்கிறது என்பதால்தான் பலரும் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள், ஐயா. ஆனால், அது என்ஜினுக்குள் ஓடித் தேய்ந்த இரும்புத் துகளும் கரியும் கலந்த எண்ணெய். அதில் காட்டு மண் ஒட்டினால் அம்மியில் அரைப்பதுபோலச் செயினை அரைத்துவிடும். பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் போய்வரும் சைக்கிள்களில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். செயினே திரி மாதிரி ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் முதல் இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு பிசினாகி, கண்ணியை மடங்க விடாது. புதிய ஆயில் ஒரு சிறு பாட்டில் வாங்கினால், சொட்டு விடும் கணக்கில் மாதக்கணக்கில் வரும்.

கேரியர் அறுந்துபோவதற்கு காரணம் உர மூட்டை. பொட்டாஷ் என்பதே ஒரு வகை உப்புதான். மூட்டையின் தையலில் இருந்து சிந்தும் உரம் கேரியர் இடுக்கில் தங்கும். இரவுப் பனியில் கரையும். காலையில் வெயிலில் காயும். மறுநாளும் இதே கதை. யூரியாவும் மற்ற உரங்களும் ஈரத்தை இழுத்துவைக்கும். பால் சிந்தினாலும் புளித்து அமிலமாகும். அதனால், உர மூட்டை ஏற்றும் நாளில் கேரியர்மேல் ஒரு பழைய சாக்கை மடித்துப் போடுங்கள். இறக்கியவுடன் உலர்ந்த துணியால் தட்டி, பிறகு நல்ல தண்ணியில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு பூச்சு கொடுங்கள். பெயின்ட் உரிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்துவிட்டால் கேரியர் இன்னும் பல வருடம் தாங்கும்.

இரவில் சைக்கிளைத் தொழுவத்துக்குள் நிறுத்தும் பழக்கம் இருந்தால் மாற்றிவிடுங்கள். கோமியத்தின் உப்பும் ஈரமும் இரும்புக்கு ஆகாது. திண்ணையோரம் நிறுத்தினாலே போதும்.

பாரம் ஏற்றும் சைக்கிளுக்குப் பின் டயரில் காற்று குறையவே கூடாது. குறைந்த காற்றில் பாரம் ஏற்றினால், குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு கீறல் விழும். கூடவே, பின் சக்கரத்தின் போக்கம்பிகளை மாதம் ஒருமுறை விரலால் சுண்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால், அது தளர்ந்திருக்கிறது. ஒன்று தளர்ந்தால் அதன் பாரத்தைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும். அவையும் சீக்கிரம் உடையும். பெடல் மாற்றும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வலது பெடல் வழக்கம்போலத் திரும்பும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம். அது தெரியாமல் முரட்டுத்தனமாகத் திருகி, கிராங்க்கைக் கெடுத்தவர்கள் நிறைய.

கேள்வி: "திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகன், பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கி வந்திருக்கிறான். மெலிந்த டயர், வளைந்த ஹேண்டில். ரோடு பைக் என்கிறான். காற்றடிக்கும் மவுத்துகூட வேறு மாதிரி இருக்கிறது. இதைப் பராமரிப்பது எப்படி? தோட்டத்துக்கும் எடுத்துப் போகலாமா?"
– பல்லடம் பகுதி வாசகர்

பதில்: அந்த சைக்கிள் தார் ரோட்டில் வேகமாகப் போவதற்காகச் செய்தது. தோட்டத்து வண்டித்தடத்துக்கும் பாரத்துக்கும் அது ஆகாது. அதை உங்கள் மகனிடமே விட்டுவிட்டு, தோட்டத்துக்குப் பழைய சைக்கிளையே வைத்துக்கொள்ளுங்கள்.

மெலிந்த டயருக்குக் காற்று அதிகம் வேண்டும். சாதாரண சைக்கிளுக்கு அடிப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரியான அளவு டயரின் பக்கவாட்டில் இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று நாளிலேயே கொஞ்சம் இறங்கிவிடும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும். மவுத்தின் நுனியில் குட்டி நட்டு ஒன்று இருந்தால், முதலில் அதைத் தளர்த்தி, ஒருமுறை விரலால் அழுத்திவிட்டு காற்றடியுங்கள். அடித்த பிறகு மறுபடி இறுக்குங்கள். சாதாரண பம்பில் அடிக்க, கடையில் ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் கிடைக்கும்.

சக்கரத்தின் நடுவில் நட்டுக்குப் பதிலாக ஒரு நெம்புகோல் இருக்கும். அதை நட்டுபோலச் சுற்றி இறுக்கக் கூடாது. மடக்கி மூட வேண்டும். மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். சுலபமாக மடங்கினால் போதாது. வண்டி எடுக்கும்போதெல்லாம் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஓடும்போது முன் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

செயின் வேலை அதேதான்: டீசல் துணி, காயவிடுதல், ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, துடைத்து எடுத்தல். கிரீஸ் வைக்காதீர்கள். பின்னால் தொங்கும் இரண்டு சின்னச் சக்கரங்களில் கறுப்பு அழுக்கு கட்டியாகப் படியும். அதை ஒரு வேப்பங்குச்சியால் சுரண்டி எடுக்கலாம். கியர் செயின் மெலிது. அதனால், 12 அங்குல அளவில் அரை நூல் (பதினாறில் ஒரு அங்குலம்) தள்ளியிருந்தாலே மாற்றிவிடுவது நல்லது. கியரை, பெடல் சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் மாற்ற வேண்டும். நின்ற இடத்தில் மாற்றக் கூடாது. பின்பக்கக் கியரில் எச், எல் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இரண்டு திருகுகள் இருக்கும். தெரியாமல் அவற்றைத் தொட வேண்டாம். திருகு மாறினால், செயின் பல் சக்கரத்தைத் தாண்டிப் போக்கம்பிக்குள் விழும்.

அலுமினிய ரிம்மாக இருந்தால், பிரேக் கட்டையின் ரப்பரில் மணலோ உலோகத் துகளோ பதிந்திருக்கிறதா என்று பார்த்து ஊசியால் எடுங்கள். விட்டால் ரிம்மைக் கீறிக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணி அலுமினியத்தையும் அரிக்கும் என்பதை மகனுக்குச் சொல்லிவையுங்கள்.

ஆண்டு முழுவதுக்கும் ஒரு கணக்கு

தினமும்: காற்று, பிரேக், இரண்டையும் தொட்டுப் பார்ப்பது. அரை நிமிடம்.
வாரம் ஒருமுறை: துடைப்பது, செயினுக்குச் சொட்டு விடுவது, முள் பார்ப்பது, காற்று அடிப்பது.
மாதம் ஒருமுறை: போக்கம்பி, நட்டு, பிரேக் கட்டை, செயின் தொய்வு பார்ப்பது.
ஆடிக்காற்று ஓய்ந்ததும்: தூசி அதிகம் ஏறியிருக்கும். செயினை அளந்து பார்ப்பது.
ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும்: ஓவராயில்.

ஆயுத பூஜை அன்று சைக்கிளைத் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த ஒருநாள் கவனத்தில் கொஞ்சத்தை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பிரித்துக் கொடுத்தால் போதும். ஊத்துக்குளி சகோதரி, பிரேக்கைச் சரிசெய்த பிறகு மகளை ஊர் இறக்கத்தில், வண்டி வராத நேரத்தில், நீங்கள் கூடவே நின்று நாலைந்து தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் நிறுத்த நினைத்த இடத்தில் சைக்கிள் நிற்கிறது என்று அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் தெரிந்த பிறகு, திங்கட்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு அனுப்பி வையுங்கள்.